முதல் பணமும் இரண்டாம் பணமும்

2024 பங்குனியில் ஒரு நாள் மதியம், சாப்பிட்டுவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். வரட்டுப்பள்ளம் அணைப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். முப்பது வயது இருக்கும். மண் பரிசோதனை பற்றிக் கேட்க வந்ததாகச் சொன்னார். மண்ணைப் பற்றி இரண்டு நிமிடம்தான் பேசினார். பிறகு நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சார், மஞ்ச வித்த காசு ரெண்டே முக்கா லட்சம் கையில இருக்குதுங்க. எதுலயாவது போடலாம்னு இருக்கனுங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

அந்த ஆண்டு மஞ்சள் விலை நன்றாக ஏறியிருந்தது. ஈரோட்டு மார்க்கெட்டுக்குப் போய் வந்தவர்கள் முகத்தில் பல வருடங்களாகக் காணாத தெளிச்சி. இதே கேள்வியை இன்னும் நாலைந்து பேர் கேட்டார்கள். நான் படித்தது விவசாயப் பட்டப்படிப்பு. பணத்தைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. ஆனால் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இன்னொரு மஞ்சள் வருடம் ஞாபகம் வந்துவிடும்.

2011 தொடக்கத்தில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 16,000 ரூபாயைத் தாண்டியது. அதற்கு முன் அப்படி ஒரு விலையை எங்கள் பக்கம் யாரும் கண்டதில்லை. அதே சமயத்தில்தான் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வந்தது. பஸ்ஸில் விளம்பரம், டி.வி.யில் விளம்பரம், சினிமா நடிகர்கள் வந்து சிபாரிசு. திட்டம் இதுதான்: ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு கொடுப்பார்கள். தீவனம் அவர்கள் தருவார்கள். பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாய், வருடம் முடிந்தால் 20,000 போனஸ், இரண்டு வருடம் கழித்துக் கட்டிய ஒன்றரை லட்சமும் திரும்ப வரும்.

என் சித்தப்பா பவானி ரோட்டில் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கிறார். அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வந்தார்.

“ஏப்பா, நீ படிச்சவன். ஈமுல போடலாமா, வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லு.”

எனக்குக் கணக்குத் தெரியும். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 6,000 என்றால் நாலு வட்டி. போனஸையும் சேர்த்தால் வருடத்துக்கு 92,000, அதாவது நூற்றுக்கு 61 ரூபாய். இந்த வட்டி கொடுத்துத் தொழில் நடத்துகிற ஒருவன் பாங்க்கில் கடன் வாங்காமல் நம் வாசலுக்கு ஏன் வருகிறான்? ஈமு கறியை யார் சாப்பிடுகிறார்கள், எந்தக் கடையில் விற்கிறது? இந்தக் கேள்விகள் எல்லாம் மனதில் இருந்தன. நான் சொன்னது மூன்றே வார்த்தை: “பாத்துச் செய்யுங்க சித்தப்பா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். கோழி எங்கள் துறை இல்லை, கால்நடைத் துறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சொந்தத்திலேயே நாலு பேர் ஏற்கனவே போட்டிருந்தார்கள். மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லி, பிறகு போட்டவர்கள் எல்லாம் சம்பாதித்துவிட்டால், காலம் முழுக்க என்னைச் சொல்லிக் காட்டுவார்கள் என்ற பயம்.

சித்தப்பா போட்டார். பெரிய கம்பெனியில் அல்ல, அதைப் பார்த்து ஆரம்பித்த சின்னக் கம்பெனி ஒன்றில். பெயர் வேண்டாம். அடுத்த பட்டத்துக்கு என்று ஒதுக்கியிருந்த மஞ்சள் பணம் 90,000. பற்றாததற்குச் சித்தியின் நகையை அடகு வைத்து 60,000.

அதே கம்பெனியில், அதே தீபாவளிக்கு, அதே ஒன்றரை லட்சத்தை இன்னொரு குடும்பமும் போட்டது. அந்தியூருக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள். அந்த வீட்டு அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேண்டாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரர் கேட்கவில்லை.

2012 ஆகஸ்டில் பெருந்துறை சுசி ஈமு நிறுவனம் சாய்ந்தது. பணம் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போய் நின்றார்கள். பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போட வேண்டி வந்தது. 1997-ல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டு, கோவைத் தனி நீதிமன்றத்தில் தண்டனையும் கிடைத்தது. சின்னக் கம்பெனிகள் அதற்கு முன்னும் பின்னுமாக ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. எங்கள் ஆட்கள் போட்ட கம்பெனி எட்டு மாதம் ஒழுங்காகக் கொடுத்தது. ஆடியில் பூட்டு. 48,000 வந்தது போக, இரண்டு குடும்பத்துக்கும் நட்டம் 1,02,000 ரூபாய்.

நட்டம் ஒன்றேதான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் நடந்தது வேறு வேறு.

சித்தப்பா மாதம் 6,000 வரும் என்ற நம்பிக்கையில், 2012 வைகாசியில் மஞ்சள் நடுவதற்கு 80,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தார். வட்டி மட்டும் மாதம் 1,600. மஞ்சள் விலையோ அதற்குள் 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. முந்தின அறுவடையைக் கொஞ்சநாள் இருப்பு வைக்கலாம் என்று பார்த்தார், முடியவில்லை. நகைக் கடை வட்டிக்குக் கேட்டது, கிடைத்த விலைக்குத் தள்ளினார். அந்த வருடம் மழையும் ஏமாற்றியது. சென்னை தவிர மற்ற மாவட்டங்களை எல்லாம் வறட்சி என்று அறிவித்த வருடம் அது. கிணற்றில் தண்ணீர் இல்லை, நட்ட மஞ்சள் பாதிதான் தேறியது. 2013 ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தைக்குச் சோடிக் காளையை ஓட்டிப் போனார். பர்கூர் செம்மறை, அவரே கன்றிலிருந்து வளர்த்தது. பணம் வேண்டி விற்கிறவன் யார் என்பது மாட்டுச் சந்தையில் தரகருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். கேட்ட விலையில் முக்கால்வாசிதான் வந்தது. நகை திரும்ப வரவே இல்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து ரோட்டோரம் 60 சென்ட் போனது.

ஈமுவுக்குப் போட்ட ஆறடிக் கம்பி வலை மட்டும் இன்றும் நிற்கிறது. சித்தி அதில் பீர்க்கங்கொடி ஏற்றிவிட்டிருக்கிறார்.

அக்கா வீட்டிலும் மூன்று நாள் அடுப்பு எரியவில்லைதான். நான்காம் நாள் அக்கா அலமாரியிலிருந்து ஒரு தபால் ஆபீஸ் பாஸ்புத்தகத்தை எடுத்து வைத்தார். 2007 தொடக்கத்தில் மகளிர் முகவர் ஒருவர் மூலம் போட்ட ஐந்து வருட ஆர்.டி. மாதம் 1,500. முதிர்ந்து 1,09,000 ரூபாய் கணக்கில் அப்படியே கிடந்தது.

“தம்பி, இந்தக் காசு இருக்குதுன்னே அவுருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அதுக்கும் ஆறு குஞ்சு வந்திருக்கும்” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் கலந்து சேர்ப்பதுதான் நல்லது. ஆனால் அந்த வருடம் அந்தப் பாஸ்புத்தகம் செய்த வேலையைப் பாருங்கள். 2013 கோடையில் கொடிக்கால் காய ஆரம்பித்தது. வெற்றிலை ஒருமுறை காய்ந்தால் மறுபடி அகத்தி விதைத்து, கொடி நட்டு, முதல் பறிப்பு வருவதற்குள் ஒரு குடும்பம் ஒடிந்துவிடும். அக்கா 35,000 ரூபாய் செலவு பண்ணி டேங்கர் தண்ணீர் விட்டார். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். மழை வந்தபோது அந்தப் பக்கம் உயிரோடு இருந்த கொடிக்கால்களில் அக்காவுடையதும் ஒன்று. வெற்றிலை தட்டுப்பாடாக இருந்த நேரம், ராசி வெற்றிலைக்கு நல்ல விலை. போட்டதைவிட அதிகமாகவே எடுத்தார். மீதிப் பணத்தை வைப்பில் போட்டு, மறுபடி ஒரு ஆர்.டி. ஆரம்பித்தார். 2016-ல் அதிலிருந்து இரண்டு கறவை மாடு வந்தது.

ஈமுவில் பணம் போட்டவர்களை எல்லாம் பேராசைக்காரர்கள் என்று பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. சித்தப்பாவும் அக்காவின் வீட்டுக்காரரும் செய்த தவறு ஒன்றுதான். ஆனால் சித்தப்பா போட்டது முதல் பணம். அடுத்த பட்டத்துக்கு விதை, உரம், ஆள் கூலி, வீட்டுச் சாப்பாடு எல்லாமே அதில்தான் இருந்தது. கூட, அடகுப் பணம். அக்கா வீட்டில் போனது இரண்டாம் பணம். போனது வலித்தது, வீடு நின்றது. முதலீடு எது நல்லது, எது கெட்டது என்று நாம் எவ்வளவு ஆராய்ந்தாலும் ஒருநாள் தப்பாகத்தான் போகும். விவசாயமே அப்படித்தானே? போடுவது முதல் பணமா இரண்டாம் பணமா என்பதை மட்டும் நாம் முன்கூட்டியே முடிவு பண்ண முடியும்.

“சம்பளக்காரனுக்குச் சேர்ப்பது சுலபம், எங்களுக்கு எங்கே மிச்சம்” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் சேமிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒழுக்கமெல்லாம் ஒன்றும் கிடையாது. 2003-க்கு முன் அரசு வேலைக்கு வந்தவன் என்பதால் ஜி.பி.எஃப். உண்டு. சம்பளம் என் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிடுவார்கள். கைக்கு வந்திருந்தால் நானும் செலவு பண்ணியிருப்பேன். மகள் கல்யாணத்தை நடத்தியது அந்தப் பிடித்தம்தான், என் சாமர்த்தியம் அல்ல.

விவசாயிக்கும் பிடித்தம் இருக்கிறது, ஆனால் பிடிக்கிறவர்கள் வேறு ஆட்கள். மண்டிக்காரர் முன்பணத்தைப் பிடிக்கிறார், உரக்கடைக்காரர் பாக்கியைப் பிடிக்கிறார், வட்டிக்காரர் வாசலில் வந்து பிடிக்கிறார். எல்லாரும் பிடித்தது போக மிச்சத்தைச் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தால், மிச்சம் என்று ஒன்று வராது. நாமும் ஒரு ஆளாக, முதல் ஆளாக, பிடிக்க வேண்டும்.

எப்படிப் பிடிப்பது என்பது வருமானம் வரும் தினுசைப் பொறுத்தது. பால் பணம் வாராவாரமோ பத்து நாளைக்கு ஒருமுறையோ வருகிறது. வாரத்தில் ஒரு நாள் பாலை அந்த வீட்டுப் பால் இல்லை என்று நினைத்துக்கொண்டால் போதும். கொடிக்காலில் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு பறிப்பு. அக்கா ஒவ்வொரு பறிப்புக்கும் எடுத்து வைத்துத்தான் அந்த 1,500-ஐக் கட்டினார். மஞ்சள், கரும்பு, மரவள்ளி போட்டவர்கள் பாடுதான் கஷ்டம். வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது, மொத்தமாக வருகிற பணம் மொத்தமாகவே போகிறது. அவர்களுக்கு நான் சொல்வது, விற்ற அன்றே, வீட்டுக்கு வரும் வழியிலேயே பிரித்துவிடுங்கள். இப்போது பெரும்பாலும் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. விற்பனைப் பணம் வருகிற கணக்கு ஒன்று, சேமிப்புக் கணக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஏ.டி.எம். கார்டு வாங்காத கணக்கு. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பி.எம்.கிசானில் வரும் 2,000 ரூபாயைத் தொடாமல் அப்படியே ஆர்.டி.க்குத் திருப்பிவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். மாதம் 500 ரூபாய் என்று கணக்காகிவிடுகிறது.

தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்த நாளைய வட்டி 6.7 சதவீதத்தில், மாதம் 1,000 கட்டினால் ஐந்து வருடத்தில் சுமார் 71,000 வரும். நாலு வட்டி கேட்டுப் பழகிய காதுக்கு இது அற்பமாகத் தெரியும். பன்னிரண்டு தவணை கட்டியபின் அவசரத்துக்கு அதில் பாதிவரை கடன் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வங்கியில் போட்டால், கூட்டுறவு வங்கி உட்பட, ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. 2020-ல்தான் ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. பயிர்க்கடனுக்குச் சங்கத்தைவிட நல்ல இடம் இல்லை, தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. அங்கே கடன் வாங்குங்கள். பெரிய வைப்பை வங்கியிலும் தபால் ஆபீஸிலும் வையுங்கள்.

சீட்டைப் பற்றியும் கேட்பீர்கள். நம் பக்கம் சீட்டு இல்லாத வீடு ஏது? 1982-ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்த சீட்டாக இருந்தால் சேருங்கள், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சொந்தக்காரர் நடத்துகிறார் என்பது பதிவு எண் ஆகாது.

எவ்வளவு சேர்ந்தால் முதல் பணம் நிறைந்தது என்று வைத்துக்கொள்வது? என் கணக்கு இது. அடுத்த ஒரு பட்டத்தின் முழுச் செலவு, அதோடு ஆறு மாத வீட்டுச் செலவு. அதற்கும் முன்னால் வட்டிக் கடன். இரண்டு வட்டிக் கடன் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அதை அடைப்பதைப்போல லாபம் தருகிற முதலீட்டை நான் இந்த முப்பது வருடத்தில் பார்க்கவில்லை. கடனை வைத்துக்கொண்டு பக்கத்தில் பணம் சேர்ப்பது, ஓட்டைச் சாலில் தண்ணீர் இறைப்பதுதான். ஆனாலும் மாதம் 200, 300 ரூபாய்க்காவது ஆர்.டி. ஓடட்டும் என்பேன். அது பணத்துக்காக இல்லை, பழக்கத்துக்காக.

முதல் பணம் இருந்தால் விற்பனையும் மாறுகிறது. விலை இறங்கிய வாரத்தில் மூட்டையைத் தள்ளாமல் இருக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம், சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் வரை. இருப்பு வைத்தால் விலை ஏறியே தீரும் என்று நான் சொல்லவில்லை, இறங்கியும் பார்த்திருக்கிறேன். என்றைக்கு விற்பது என்பதை வட்டிக்காரர் முடிவு பண்ணாமல் நாம் முடிவு பண்ணுகிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், எங்கள் மேசையில் உட்கார்ந்தால்தான் தெரியும். பவர் டில்லர், களையெடுக்கும் கருவி போன்றவற்றுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. ஆனால் பெரும்பாலும் பின்னேற்பு மானியம். முழுப் பணத்தையும் முதலில் நாம் கட்ட வேண்டும், மானியம் பிறகு கணக்குக்கு வரும். யாருக்கு அந்த உதவி அதிகம் தேவையோ, அவரிடம் கட்டுவதற்குப் பணம் இருக்காது. உத்தரவு வந்தும் வாங்க முடியாமல் விட்டவர்கள், மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டி மானியத்தை வட்டியிலேயே தொலைத்தவர்கள், இரண்டு வகையும் பார்த்துவிட்டேன். சேமிப்பு இருக்கிறவருக்குத்தான் அரசாங்கத்தின் பாதிப் பணமும் போய்ச் சேர்கிறது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிலைமை அதுதான்.

போர் போடுவதைப் பற்றி ஒரு வரி. ஈமுவைவிட அதிகப் பணத்தை எங்கள் பக்கம் விழுங்கியது போர்க்குழிதான் என்பது என் கணிப்பு. தேங்காய் நிமிர்ந்தது என்று 900 அடி போனவர்களைக் கேளுங்கள். போட வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் பணத்தில் போடாதீர்கள்.

இப்போது அந்த இளைஞரிடம் வருகிறேன். ஒரு தாளை எடுத்து அவரிடமே கொடுத்தேன். நான் கேட்கக் கேட்க அவர் எழுதினார். தனியார் கடையில் மனைவியின் நகை அடகு, 70,000. அடுத்த பட்டம் மஞ்சள் ஒரு ஏக்கர், செலவு 1,00,000 என்று அவரே சொன்னார். வீட்டுச் செலவு மாதம் 10,000, ஆறு மாதத்துக்கு 60,000. கூட்டிக் கழித்தார். 2,75,000-ல் மிச்சம் 45,000.

“அவ்வளவுதானுங்களா சார்?” முகம் வாடிவிட்டது.

போனை எடுத்து ஒரு செயலியைக் காட்டினார். கூட்டாளி ஒருவர் ஆப்ஷன் டிரேடிங்கில் தினம் இரண்டாயிரம் எடுக்கிறாராம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே, இந்த வகை வியாபாரம் செய்த தனி நபர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நட்டப்பட்டதாக 2023-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது என்று சொன்னேன். அடுத்த வருடம் வந்த அறிக்கையில் அது 93 சதவீதமாக இருந்தது. அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. இந்த முறை நான் “பாத்துச் செய்யுங்க” என்று சொல்லவில்லை. “வேண்டாம்” என்றேன். “அதையும் மீறிப் போடறதா இருந்தா, இந்த 45,000-ஐத் தாண்டி ஒரு ரூபா தொடாதீங்க. முதல்ல போய் நகையை மீட்டுட்டு வாங்க.”

வைகாசியில் மறுபடி வந்தார். நகையை மீட்டாகிவிட்டது. தபால் ஆபீஸில் மாதம் 1,000-க்கு ஆர்.டி. ஆரம்பித்திருக்கிறார், பாஸ்புத்தகத்தைக் காட்டினார். வாரிசுதாரர் இடத்தில் மனைவி பெயர்.

“அப்பறம் அந்த நாப்பத்தஞ்சுல ஒரு பத்தாயிரம் போட்டுப் பாத்தனுங்க சார்.”

“என்னாச்சு?”

“ஆறாயிரம் போயிருச்சுங்க” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மஞ்சள் கரணை நட்டு பன்னிரண்டு நாள் ஆகிறதாம். கடன் வாங்கவில்லையாம். மிச்சப் பணத்தில் பேட்டரி ஸ்பிரேயர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறாராம், அதற்கு மானியம் உண்டா என்று கேட்டார். சிறு விவசாயி சான்று, ஆதார், பாஸ்புத்தக நகல், சிட்டா எடுத்து வரச் சொன்னேன்.